குதிக்கால் சோதனை

பல்கலைக்கழகமும் எங்கள் கம்பனியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று நாற்பது கதிரைகள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வந்தவர்கள் இருபத்திமூன்று பேர், கேக் ஒரு தட்டு. மிச்சம் பதினேழும் வெயிலில் காய்ந்தன. மொத்தத்தில் இரண்டு கதிரைகளுக்குக் கால் ஆடியது. அதில் ஒன்றைத்தான் எனக்குத் தந்தார்கள்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் எல்லாரோடும் ஒப்பந்தம் எழுதிய காலம் அது. புத்தளத்தில் கடல்நீர் தேங்கும் களப்போரத்து உப்பளத்துக்கும் ஒரு பொறியியல் பீடத்துக்கும் இடையில் எழுதிக்கொண்டது இதுதான்: இறுதியாண்டு மாணவர் நால்வர் தங்கள் ஆய்வுக்காக உப்பு வாரும் இயந்திரம் ஒன்றைச் செய்வார்கள். கம்பனி அவர்களுக்கு உப்பு விளையும் ஒரு பாத்தியையும், ஒரு லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் எஞ்சினையும், மேற்பார்வைக்கு என்னையும் கொடுக்கும். மூன்றிலும் பழையது நான்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அந்த உப்பளத்தின் ஆய்வுகூடத்தில் உப்புத் தண்ணீரின் செறிவை அளந்தே ஓய்வு பெற்றவன் நான். பிறகும் என்னைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். அன்பினால் அல்ல. புதிதாக ஒருவரை எடுத்தால் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

மனேஜர் சிலாபத்துக்காரர். தமிழையும் சிங்களத்தையும் ஒரே வேகத்தில் பேசுவார். மரியாதை இரண்டிலும் குறைவு. 'சரி' என்பதற்கு மட்டும் எப்போதும் சிங்கள 'ஹரி'தான். அன்று மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "ப்ரொஜெக்ட் முடிஞ்ச உடனே இந்த நாலு பேர்ல ஒராளுக்கு எங்கட கம்பனில ட்ரெய்னி இஞ்சினியர் வேலை. ஹரிதானே?"

எல்லாரும் கைதட்டினார்கள். நால்வரில் மூன்று பொடியன்களும் கடமைக்குத் தட்டினார்கள். அவர்களுக்குக் கொழும்பும் கட்டாரும் கண்ணில் இருந்தன. ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனேஜரையே பார்த்தபடி இருந்தாள். அந்த வேலை யாருக்கு வேண்டும் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

மறுநாள் அவர்களைப் பாத்திக்குக் கூட்டிச் சென்றேன். உப்பளத்தில் ஒரு சட்டம் உண்டு. பாத்திக்குள் யாரும் காலணியோடு இறங்கக் கூடாது. பாத்தியின் தரை வெறும் மண் அல்ல. மழை முடிந்ததும் தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, பெண்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் வாரக்கணக்கில் மிதித்து மிதித்து இறுக்கிய களிமண். மேலே ஒரு தோல் மாதிரி இறுகியிருக்கும். அதற்குக் கீழே எப்போதும் சேறு. அந்தத் தோல் கிழிந்தால் உப்பு முழுக்க மண்ணாகிவிடும்.

பொடியன்கள் சப்பாத்தைக் கழற்றி, பாத்தியைச் சுற்றிய மண் வரம்பில் வைத்தார்கள். எண்ணினேன். மூன்று சோடிச் சப்பாத்து, ஆறு வெறுங்கால். நாலாவது சோடியைக் காணவில்லை. அந்தப் பெண் முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வரம்பிலேயே நின்றாள்.

"எனக்குத் தோலில அலர்ஜி, சேர். நான் மேல நின்டு குறிப்பு எடுக்கிறன்," என்றாள்.

"மகாராணிக்கு உப்புப் பட்டா கரைஞ்சிடுவாங்க," என்றான் நெட்டையான ஒருவன். கூட்டத்தில் வாய் அவனுடையதுதான். மற்ற இருவரும் சிரிப்பதற்காக வந்தவர்கள்.

அவளுக்கு அலர்ஜி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பாத்தியை மிதிக்கும் கூட்டத்தில் பதினொரு பெண்கள். இருபத்திரண்டு கால்கள் இருக்க வேண்டும். ஆனால் முந்தைய வருடங்களில், பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும், இருபத்துநான்கு இருக்கும். மேலதிகமான இரண்டும் இவளுடைய சின்னக் கால்கள். தில்லையடி அகதிக் குடியிருப்பிலிருந்து தாயோடு நடந்து வருவாள். தாய் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் பெண். புருஷன் இல்லை. பதினொருவரில் அவள் இப்போதும் ஒருத்தி. சின்ன வயதில் உப்பில் நின்ற கால் லேசில் மறையாது. நகம் தடித்துவிடும். குதிக்கால் வெடித்து வெள்ளை கட்டிவிடும். கணுக்காலைச் சுற்றிக் காசளவு கறுப்பு வடுக்கள் விழும். பூட்ஸ் அதற்காகத்தான்.

அன்று மத்தியானம் அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சேர், என்னைத் தெரியுமா?"

"தெரியாமல் என்ன?"

"தெரியாதெண்டு வெச்சுக்கொள்ளுங்க."

"கொம்மாவும் உன்னைத் தெரியாதெண்டுதான் நடிக்கிறாவோ?"

"உம்மாதான் அப்பிடிச் செய்யச் சொன்னாங்க."

காரணத்தை நான் கேட்கவில்லை. அது எங்கும் எழுதப்படாத, ஆனால் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் தெரிந்த விஷயம். முன்பொரு தடவை ஒபீஸில் இருந்த ஒரு கிளாக்கர் கூலி விஷயத்தைப் பாத்தியில் வேலை செய்த தன் மாமனிடம் சொல்லப் போய், மாமன் பாத்தியில் வேலைநிறுத்தம் பண்ணிவிட்டான். அதற்குப் பிறகு மனேஜர் பாத்தியில் நிற்கிறவர்களின் சொந்தம் ஒன்றையும் ஒபீஸுக்குள் எடுப்பதில்லை. இவள் கம்பனிக்குக் கொடுத்திருந்தது கடை வைத்திருக்கும் மாமாவின் விலாசம்.

பின்னேரம் தாய் சோதனைக்கான உப்புத் தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவந்து வைத்தாள். எட்டுப் போத்தல். ஒன்றுக்கு மூடி இல்லை. அதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்தாள்.

"மாஸ்டர், கெம்பஸ் புள்ளைகள் நாலு பேர் வந்தாங்களே. அதுல அந்தப் பொம்புளப் புள்ளைய எனக்குத் தெரியாது."

"நான் கேட்கேல்லையே."

"கேட்டா சொல்லுறதுக்கு," என்றாள். முகத்தில் சிரிப்பு வந்துவிடப் பார்த்தது. அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மற்றப் பத்துப் பெண்களுக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் வரம்பில் நடந்து வந்தால் பதினொரு முக்காடும் மறுபக்கம் திரும்பும். நெட்டையன் தாயைக் கூப்பிட்டு, "அக்கா, அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுங்க," என்பான். அவள் ஐந்து கோப்பைகளையும் பொறுக்குவாள். மகள் குடித்த கோப்பையைக் கடைசியாக எடுப்பாள்.

இயந்திரம் வளர்ந்தது. முன்னால் உப்பை வழிக்கும் தகடு, நடுவில் எஞ்சின், பின்னால் உப்பை ஏற்றும் பட்டி. கீழே இரண்டு ஒல்லிச் சக்கரங்கள். தரையின் பலத்தைச் சோதிக்க மண் வேண்டும் என்று நெட்டையன் பாத்தியின் மூலையில் ஒரு கட்டி வெட்டி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோனான். போய் விடுதி யன்னலில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்தான். பரீட்சை முடிந்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகும்போது கட்டி செங்கல்லாகியிருந்தது. அந்தச் செங்கல்லைத்தான் நசித்துப் பார்த்து, தரை மிகப் பலமானது என்று கணக்குப் போட்டார்கள். இதை அவனே எனக்குப் பெருமையாகச் சொன்னான்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இயந்திரத்தின் பாரம் இவ்வளவு, சக்கரம் தரையில் தொடும் இடம் இவ்வளவு, ஒரு பெண்ணின் பாதம் தொடும் இடம் இவ்வளவு. "தம்பி, இது சில்லில்லை, கத்தி. அகலமான சில்லுப் போடுங்கோ. ஈர மண்ணைத் திரும்ப எடுத்துச் சோதியுங்கோ."

"ஐயா, கம்பியூட்டர்ல ஓட்டிப் பாத்தாச்சு. ஒரு சென்டிமீட்டர் கூட இறங்கல்ல."

"கம்பியூட்டருக்குள்ள உப்புத் தண்ணி விட்டனீங்களோ?"

மூவரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "ஈரத்தில அது மேலதான் இறுக்கம், கீழ..." என்று தொடங்கினாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்று நெட்டையன் திரும்பினான். "ஒரு நாள் உள்ள இறங்கியிருக்கியா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை.

நான் மனேஜரிடம் போனேன். அந்தக் கிழமையில் அவரிடம் நான் கொண்டுபோன ஐந்தாவது முறைப்பாடு அது. முந்திய நான்கும் மின்விசிறி, மூடியில்லாத போத்தல், வாசலில் நாய், சீனி குறைந்த தேத்தண்ணி. அவர் நாயையும் சக்கரத்தையும் ஒரே மாதிரிக் கேட்டுவிட்டு, "ஹரி ஹரி, பாப்பம்," என்றார்.

பெண்கள் பாத்தியை மிதித்து முடித்தார்கள். உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன் தரையைச் சோதிப்பது என் வேலை. செருப்பைக் கழற்றி, முழுப் பாரத்தையும் ஒரு குதிக்காலில் போட்டு ஊன்ற வேண்டும். காலை எடுத்தால் குழி இருக்கக் கூடாது. ஈரத்தின் மினுக்கம் மட்டும் இருக்கலாம். நான் பாத்தி முழுக்க நடந்து ஊன்றினேன். ஒரு குழி இல்லை. அந்தக் கூட்டத்தின் வேலையில் ஒரு நாளும் குழி இருந்ததில்லை. பாராட்டிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "சரி, தண்ணி விடலாம்," என்றேன். அவ்வளவுதான்.

"மெஷின் வந்தா எங்களுக்கு என்ன வேலை மகன்?" என்று பெண்களில் மூத்தவள் நெட்டையனைக் கேட்டாள். பல் குறைந்த வாய், ஆனால் களப்பின் அக்கரைக்கும் கேட்கும் குரல்.

"வீட்டுல இருந்து ரிவி பாருங்க, ஆச்சி."

"ரிவிய யாரு, உன்ட மெஷினா வாங்கித் தரும்?"

உப்பு விளைந்தது. இயந்திரத்தின் பரீட்சார்த்த ஓட்ட நாள் வந்தது. பேராசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கம்பனியின் கொழும்புப் பெரியவர்கள் மூன்று பேர், நாலு குடை. இந்தத் தடவை கதிரைகள் குறைவு, நான் நின்றேன். பதினொரு பெண்களும் எதிர் வரம்பில் வரிசையாக நின்றார்கள். வெள்ளைப் பாத்தி கண்ணைக் கூசவைத்தது.

நெட்டையன் எஞ்சினை முடுக்கினான். இயந்திரம் இறங்கி, தன் நீளத்தில் நான்கு மடங்கு தூரம் அழகாக ஓடியது. உப்பு தகட்டில் ஏறிப் பட்டியில் போனது. குடைகளுக்குக் கீழே கைதட்டல். ஐந்தாவது நீளத்தில் இடது சில்லு இறங்கியது. அவன் பயந்து இன்னும் முடுக்கினான். சில்லு சுற்றச் சுற்றத் தோல் கிழிந்து, கறுப்புச் சேறு பீறிட்டு உப்பின் மேல் விழுந்தது. பெரியவர் ஒருவரின் வெள்ளைச் சேர்ட்டிலும் விழுந்தது. எஞ்சின் நின்றபோது இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து அச்சு வரை புதைந்திருந்தது. பாத்தியில் பாதி நாசம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேராசிரியர்தான் முதலில் வழியைக் கண்டுபிடித்தார். "இயந்திரத்தில் பிழை தெரியவில்லை. தளம் சரியாகத் தயாரிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்."

மனேஜர் எதிர் வரம்பைப் பார்த்தார். "யாரு இத மிதிச்ச? நீங்கதானே? சம்பளம் வாங்கிட்டு டான்ஸா ஆடின?"

பத்து முக்காடும் மூத்தவள் பக்கம் திரும்பின.

"தளத்தைப் பற்றிய பகுதியை எழுதியது யார்?" என்று பேராசிரியர் கேட்டார்.

நெட்டையன், குறிப்பு எடுத்தது அவள்தான் என்று, அந்தப் பெண்ணைக் காட்டினான்.

மனேஜர் அவளிடம் வந்தார். "மிஸ், நீங்க சொல்லுங்க. நாளைக்கு நீங்கதான் இங்க இஞ்சினியரா இருக்கப் போறது. மிதிச்சது காணுமா, காணாதா?"

எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நாளைக்கு நீங்கதான் என்றார். கேள்விக்கு முன்பே கூலியைக் கையில் காட்டிவிட்டார். அவள் எதிர் வரம்பைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"காணாது, சேர்," என்றாள். மிதித்தது போதாதாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய்," என்றேன். "நான் குதிக்கால் வைச்சுப் பார்த்தனான். ஒரு குழியில்லை. சில்லுப் பிழை எண்டு எத்தினை தரம் சொன்னனான்? காய்ஞ்ச மண்ணைச் சோதிச்சவை இவை. இந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். எப்பிடித் தெரியுமெண்டும் நான் சொல்லுவன்."

கடைசி வசனத்தை ஏன் சேர்த்தேன் என்று இன்றும் யோசிப்பதில்லை. உண்மையை அரைவாசியில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை. மனேஜர் என் பக்கம் திரும்பினார். "எப்பிடித் தெரியும்?"

நான் வாய் திறப்பதற்குள் எதிர் வரம்பிலிருந்து தாயின் குரல் வந்தது.

"மாஸ்டருக்குக் கண் தெரியாது சேர். அந்த மிஸ் சொல்றதுதான் சரி. நாங்க சரியா மிதிக்கல்ல."

பத்துப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே, என்ன கதைக்கிற நீ?" என்று மூத்தவள் கத்தினாள். "முதுகு முறிய மிதிச்சமே!"

"மூலையில மிதிக்கல்ல. வெயிலெண்டு விட்டுட்டம்," என்றாள் தாய். அழவில்லை. தனக்குத் தெரியாத ஒரு மிஸ்ஸுக்கு மரியாதை கொடுக்கும் கூலிக்காரி எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசினாள்.

மனேஜர் சிரித்தார். "பாருங்க, அவங்களே சொல்றாங்க. நீங்க பென்சன்காரர், ஐயா. நிழல்ல போய் நில்லுங்க."

விஷயம் அத்தோடு முடிந்தது. அந்தப் பாத்தியின் கூலி பதினொருவருக்கும் இல்லை என்றார்கள். மாணவரின் ஆய்வறிக்கையில் இயந்திரம் வெற்றி, மனித உழைப்பின் தரம் போதாது என்று எழுதப்பட்டது. நால்வரும் நல்ல புள்ளியோடு சித்தியடைந்தார்கள். பல்கலைக்கழகமும் கம்பனியும் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு நீட்டின. அடுத்த குழுவுக்குத் தலைப்பும் கொடுத்துவிட்டார்கள்: பாத்தி மிதிக்கும் இயந்திரம். கேக் இந்தத் தடவை இரண்டு தட்டு.

கிழிந்த பாத்தியைத் திரும்ப மிதிக்க வேண்டியிருந்தது, கூலி இல்லாமல். மூத்தவள் மனேஜரிடம் நேராகப் போய்ச் சொன்னாள். "சரியா மிதிக்கல்லெண்டு சொன்னது எங்கள்ல ஒராள்தான். அவளே மிதிக்கட்டும். நாங்க பத்துப் பேரும் வேற பாத்திக்குப் போறம்." மனேஜருக்கு அது பிடித்துக்கொண்டது. சண்டை கூலிக்காரருக்குள் இருந்தால் அவருக்கு நித்திரை நன்றாக வரும்.

மகளின் ரகசியத்தை அந்தப் பத்துப் பேரும் அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தாயோடு யாரும் கதைப்பதில்லை. தில்லையடியிலிருந்து காலையில் பத்துப் பேர் ஒரு கூட்டமாக வருவார்கள். அவள் தனியே பின்னால் வருவாள். சோற்றையும் தனியே, பம்ப் அறைக்குப் பின்னால் இருந்து சாப்பிடுவாள். பதினொருவர் மிதித்த இடத்தில் இரண்டு கால்கள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

மகளுக்கு வேலை கிடைத்தது. வெள்ளைத் தொப்பி, கழுத்தில் அட்டை, சுழலும் கதிரை. என் மேசை வராந்தாவுக்குப் போனது. அவள் என்னோடு பேசுவதில்லை. கையெழுத்து வேண்டுமென்றால் பியோனிடம் கொடுத்தனுப்புவாள்.

பாத்தி முடிந்தது என்று தாய் சொல்லியனுப்பினாள். மனேஜர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "இனி டெஸ்ட் பண்றது மிஸ். ஐயாட கண்ணுக்கு லீவு," என்றார். நான் பழக்கத்தில் பின்னால் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

தாய் பாத்தியின் ஓரத்தில் நின்றாள். முழங்கால் வரை களி காய்ந்து வெடித்திருந்தது. மகள் வரம்பிலிருந்து இறங்கப் போனாள், பூட்ஸோடு.

"கழட்டிப்போட்டு இறங்குங்கோ," என்றேன். "வெறுங்காலாலதான் பார்க்கிறது. பூட்ஸ் எந்தத் தரையிலயும் குழி போடும்."

அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்தாள். மனேஜரைப் பார்த்தாள். அவர் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், சும்மா, வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால். அவள் பூட்ஸைக் கழற்றவில்லை. அப்படியே இறங்கி, நடுவுக்குப் போய், குதிக்காலை ஊன்றினாள். றப்பர் விளிம்பு தரையில் அரைவட்டமாக ஒரு குழி போட்டது.

"என்ன மிஸ்?" என்றார் மனேஜர்.

மகள் அந்தக் குழியைப் பார்த்தாள். நிமிரவில்லை.

"இன்னொருக்கா மிதிக்க வேணும்," என்றாள்.

"விளங்கினதா?" என்று மனேஜர் தாயைக் கேட்டார்.

"விளங்கினது சேர். சரி மிஸ்," என்றாள் தாய்.

இருவரும் ஒபீஸுக்குத் திரும்பிப் போனார்கள். நான் செருப்பைக் கழற்றி இறங்கினேன். என் முழுப் பாரத்தையும் போட்டு ஒரு இடத்தில் ஊன்றினேன், பிறகு இன்னோர் இடத்தில், பிறகு அவள் பூட்ஸ் ஊன்றிய இடத்துக்குப் பக்கத்தில். காலை எடுத்தேன். மினுக்கம் மட்டும்தான்.

"இறுகிட்டுது," என்றேன். "காணும். போய்க் கால் கழுவு."

தாய் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மிஸ் காணாதெண்டு சொன்னாங்களே மாஸ்டர்," என்றாள். மிஸ் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். பிறகு மூலையிலிருந்து தொடங்கி, நான் குதிக்கால் வைத்த இடங்களையும் சேர்த்து மிதித்துக்கொண்டு போனாள்.